முதுகு காட்டாத கோடை

மே 27

அக்காவோடு இன்று பேச்சு நின்றது. காரணம் என் பார்பெரி வேலி. "அந்த முள்ளுப் புதருக்குள்ளதான் உண்ணி குடும்பம் நடத்துது. வெட்டிப் போடுடி" என்றாள். இலையுதிர் காலத்தில் அது பற்றி எரிகிற மாதிரி சிவப்பதைப் பார்க்கத்தான் அமெரிக்காவின் இந்த மெயின் மாநிலக் குளிரையே நான் பொறுத்துக்கொள்கிறேன். வெட்டுவதாவது! "இனிமே என் முகத்துல முழிக்காத மிர்ட்டில்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். இருப்பதோ ஒரே வீடு.

மே 30

இப்போது நாய் வழியாகப் பேச்சு. "டேய் பிஸ்கட், காபி தீந்துபோச்சுன்னு உங்க சின்னம்மாகிட்ட சொல்லு." "சொல்லிட்டேன்னு அவகிட்ட போய்ச் சொல்லுடா" என்றேன் நானும் அவனிடம்.

ஜூன் 4

பனி உருகியதிலிருந்து மறுபடி உறையும் வரை ஒவ்வொரு நாளும் தோட்டத்திலிருந்து வந்ததும் துணியை டிரையரில் சூடாகச் சுற்றவிடுவோம். பிறகு அக்குள், முழங்கால் மடிப்பு, தலைமுடி என்று உண்ணி ஒட்டியிருக்கிறதா என அவரவரே தடவிப் பார்த்துக்கொள்வோம். முதுகுக்கு மட்டும் இன்னொருவர் கண் வேண்டும். அவள் என்னுடையதைப் பார்ப்பாள், நான் அவளுடையதை.

இந்த வருஷம் இரண்டு பேரும் பிஸ்கட்டை மட்டும் பார்க்கிறோம். நான் பார்த்து முடித்ததும் அவள் வந்து மறுபடி பார்க்கிறாள். வீட்டில் பத்திரமாக இருப்பது அவன் ஒருவன்தான்.

குளியலறைக் கண்ணாடியில் என் முதுகைத் திருகித் திருகிப் பார்த்தேன். குட்டி உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். மச்சம் எல்லாம் உண்ணியாகத் தெரிகிறது. கழுத்துப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஜூன் 19

அக்கா போர்வையோடு சோபாவில். காய்ச்சல், உடம்பு வலி.

"ஜூன் மாசத்துல யாருக்குடா சளிக்காய்ச்சல் வரும்? டாக்டர்கிட்ட போகச் சொல்லு" என்றேன் நாயிடம்.

"கை கால்ல உண்ணி கடிச்ச வட்டம் எதுவும் இல்ல, அரிப்பும் இல்லன்னு சொல்லுடா" என்றாள் அவளும் நாயிடம்.

முதுகை யார் பார்த்தது? கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

ஜூன் 23

காய்ச்சல் விட்டுவிட்டது. நல்லவேளை.

ஜூலை 8

காலையில் விசில் கேட்கவில்லை. தினமும் பின்படியில் நின்று அவள் ஒரு விசில் அடித்தால் பிஸ்கட் எங்கிருந்தாலும் பறந்து வருவான். கோபத்தை இப்போது நாய்மேலும் காட்டுகிறாளா என்று நினைத்தேன்.

சமையலறையில் பார்த்தால் அவள் மோவாயில் காபி வழிகிறது. ஒரு கண் மூடவில்லை.

"அக்கா, சிரி."

"உன்னப் பாத்தா சிரிப்பா வருது எனக்கு?" — பாதி வாய்தான் அசைந்தது.

பக்கவாதம் என்றே நினைத்தேன். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினேன். ஐயோ, ஏவிஸ் அக்கா.

அதே நாள், மாலை

பக்கவாதம் இல்லை. டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கச் சொன்னார். அந்தப் பக்கம் நெற்றியும் அசையவில்லை. பக்கவாதம் என்றால் பெரும்பாலும் நெற்றி தப்பித்துவிடுமாம். சட்டையைத் தூக்கினார். முதுகெல்லாம் சிவந்த வட்டங்கள். தோள்பட்டைக்குக் கீழே இருந்தது சாப்பாட்டுத் தட்டு அகலம். நடுவில் வெளிறல்கூட இல்லை, வெறும் சிவப்பு.

"இது லைம் நோய், உண்ணி கடிச்சு வர்றது. வளையம் வளையமாத்தான் வரணும்னு இல்ல, அரிக்கணும்னும் இல்ல. வீட்டுல யாரும் பாக்கலையா?"

நான் சுவரைப் பார்த்தேன். அக்காவும் அதே சுவரைத்தான் பார்த்தாள்.

மூன்று வாரம் மாத்திரை. அதைச் சாப்பிடும் வரை வெயில் ஆகாது. தூங்கும்போது கண்ணை டேப் ஒட்டி மூட வேண்டும். முகம் திரும்புமா என்று கேட்டேன். "பெரும்பாலும் திரும்பிடும். நாளாகும்."

ஜூலை 9

"காட்டுடி."

"என்னத்த?"

"முதுக. வேற என்னத்த!"

இடுப்புக்கு மேலே ஓர் உண்ணி இருந்தது. இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தாள். "அசையாத. இன்னும் ரத்தம் குடிச்சு ஊதல." எனக்கும் காய்ச்சல் வருகிறதா என்று கணக்கு வைக்க, காலண்டரில் இன்றைய தேதியைச் சுழித்து வைத்தாள். பிறகு நான் அவளுக்கு டேப் ஒட்டினேன். அழுதேன். ஒரு கண்ணால் முறைத்தாள்.

ஜூலை 21

பக்கத்து வீட்டு ஹார்லன் டிராக்டரும் சங்கிலியும் கொண்டுவந்தார். நான் காலுறையைப் பேன்ட்டுக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். வேலி வேரோடு போயிற்று.

ஆகஸ்ட் 11

படியில் நின்று உதட்டைக் குவிக்கிறாள். காற்றுதான் வருகிறது. நான் பார்ப்பதை அவள் பார்த்துவிடக் கூடாது என்று ஜன்னலை விட்டு நகர்ந்தேன்.

செப்டம்பர் 2

காலையில் விசில். கோணலாக, ஓட்டைக் கெட்டில் மாதிரி. பிஸ்கட்டுக்கு அது யாருடையது என்று புரியவில்லை. படுத்த இடத்திலேயே காதை ஆட்டினான்.

நான்தான் ஓடினேன்.