எடையின் மேல் போட்ட பழி

மார்ச் 5, செவ்வாய்

காய்ச்சல் விட்டுவிட்டது. மொத்தம் இரண்டே நாள். பள்ளியில் பாதிப் பேர் படுத்துக் கிடக்கிறார்கள். கணக்கு ஆசிரியர் ஒரு வாரமாக ஆளையே காணோம். நான் இன்று காலை மைதானத்தை ஆறு சுற்று ஓடினேன். கடைசிச் சுற்றில் கொஞ்சம் இருமல், அவ்வளவுதான். "உங்களைப் பாத்தா வைரஸே பயந்து ஓடிடும் சார்" என்றார் ஓவிய ஆசிரியர். உடற்பயிற்சி ஆசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்.

மாலையில் அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மாவோடு இருக்கும் தங்கை வேலை முடிந்து வந்தாள். லிப்ட் ரிப்பேர், நாலு மாடி ஏறி வந்திருக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பூசணி வந்தாச்சு, கட்டடம் தாங்குமா?" என்றேன். அம்மா சிரித்தாள். தங்கையும் சிரித்தாள். அவளுக்கு எட்டு வயதில் நான் வைத்த பெயர். இப்போது முப்பத்தொன்பது. இன்னும் நிலைத்து நிற்கிறது.

நான் இருமியபோது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான்.

மார்ச் 9, சனி

தங்கைக்குக் காய்ச்சலாம். என்னிடமிருந்து ஒட்டியிருக்கும். இரண்டு நாளில் போய்விடும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

மார்ச் 11, திங்கள்

மாலை தங்கை போன் செய்தாள். காய்ச்சல் குறைந்துவிட்டதாம்.

"பாத்ரூம் வரைக்கும் நடந்தாலே மூச்சு வாங்குதுண்ணா."

"உனக்கு எப்ப வாங்கல?"

"இது வேற மாதிரி இருக்கு. டாக்டர்கிட்ட போகட்டுமா?"

"போனா என்ன சொல்வாங்க? உடம்பைக் குறைன்னுவாங்க. அதை நானே சொல்றேன். படுத்தே கிடக்காம எழுந்து ஹாலுக்குள்ள நட."

பிறகு "சரிண்ணா" என்று வைத்துவிட்டாள்.

கொஞ்சம் கடுமையாகத்தான் பேசிவிட்டேன். ஆனால் வீட்டில் யாராவது ஒருவர் சொல்லித்தானே ஆக வேண்டும்.

மார்ச் 12, செவ்வாய்

நீளம் தாண்டுதல் குழிக்கு மணல் வந்து இறங்கியது. பாதி மணல், பாதி கல்.

மார்ச் 13, புதன்

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பதினோரு மணிக்கு, மைதானத்தில் இருந்தபோது போன். தங்கை ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கக் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எங்கே அடிபட்டது, மூச்சு இருக்கிறதா என்று கேட்டு வண்டி அனுப்புகிற வேலை. பேசியது அவளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரும் அக்கா.

"காலையில இருந்தே கவனிச்சேன் சார். நாலு வார்த்தை பேசுறா, நிறுத்தி மூச்சு இழுக்குறா. ஒரு வாக்கியத்தை முழுசா பேச முடியலைன்னா உடனே வண்டி அனுப்பணும்கிறது எங்க விதி. அவளுக்கே அனுப்பிட்டேன்."

உடம்பு முடியாதவள் ஏன் வேலைக்குப் போனாள்? அம்மாவிடம் கேட்டேன். "வெறும் வெயிட்டுதான்மா, இதுக்கெல்லாம் லீவு கேட்டா சிரிப்பாங்க" என்றாளாம்.

மருத்துவமனையில் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவு 81. தொண்ணூற்று நாலுக்குக் கீழே போகக்கூடாது என்று எனக்கே தெரியும். எக்ஸ்ரே படத்தில் இரண்டு நுரையீரலும் வெளுத்துக் கிடந்தன. பெண் மருத்துவர், ஐம்பது வயதிருக்கும், குனிந்து கேட்டார்.

"எத்தனை நாளா மூச்சு வாங்குது?"

தங்கை மூன்று விரல் காட்டினாள்.

"மூணு நாளா? ஏம்மா முன்னாடியே வரல?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மாஸ்க்கை லேசாகத் தூக்கி, "நான்தான்... சும்மா விட்டுட்டேன்" என்றாள்.

நான் பக்கத்திலேயே நிற்கிறேன். வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை?

மார்ச் 14, வியாழன்

ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை அவள் கைக்குப் போதவில்லை. பெரிய பட்டை எந்த வார்டில் இருக்கிறது என்று தேடவே அரை மணி நேரம் ஆனது. போட்டுவிட்ட மேலங்கி முதுகில் சேரவில்லை. அவள் போர்வையை இழுத்து இழுத்து முதுகை மூடிக்கொண்டே இருந்தாள். மூச்சுக்குத் தவிக்கும் நேரத்திலும் அந்த வெட்கம். யார் கற்றுக்கொடுத்தது அதை?

மார்ச் 15, வெள்ளி

தொண்டையில் குழாய் போட்டு மூச்சுக்கருவியில் சேர்த்துவிட்டார்கள். மயக்க மருந்தில் தூங்குகிறாள். நுரையீரலுக்கு இடம் கிடைக்க அவளைக் குப்புறப் படுக்க வைக்க வேண்டுமாம். நர்சுகளும் உதவியாளர்களுமாக ஆறு பேர் சேர்ந்து, ஒருவர் எண்ணிக்கை சொல்ல, குழாய் அசையாமல் திருப்பினார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு வார்த்தை கிண்டல் இல்லை. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

மார்ச் 17, ஞாயிறு

மருத்துவரிடம் கேட்டே விட்டேன். எனக்கு இரண்டு நாளில் போன அதே காய்ச்சல் அவளை ஏன் இப்படிப் போட்டு வாட்டுகிறது?

"உடம்பு பருமனா இருந்தா வயிறு கீழேயிருந்து நுரையீரலை அழுத்தும். அடிப்பகுதி முழுசா விரியாது. அது ஒண்ணு. கொழுப்புங்கறது சும்மா மூட்டை மாதிரி கிடக்குறதில்ல. உடம்புல எப்பவும் ஒரு சின்ன அழற்சியை வச்சிருக்கும். வைரஸ் வந்தா எதிர்ப்பு மெதுவாத் தொடங்கும், அப்புறம் தேவைக்கு மேல கொதிக்கும். வைரஸும் சிலருக்கு அதிக நாள் தங்கும். எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆனா ஆபத்து கூடுதல்."

"அப்போ எடைதானே டாக்டர் காரணம்?" என்றேன். ஆமாம் என்பார் என்று எதிர்பார்த்தேதான் கேட்டேன். வெட்கமாக இருக்கிறது.

அவர் பேனாவை மூடினார். "எடை அதிகம்னா அவங்க மத்தவங்களைவிடச் சீக்கிரம் வரணும். நாம என்ன பண்றோம்? எடையையே காரணமாச் சொல்லித் திருப்பி அனுப்பிடுறோம். திங்கட்கிழமையே வந்திருந்தா வெறும் ஆக்சிஜனோட சரியாப் போயிருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா போயிருக்கலாம்."

திங்கட்கிழமை. அவர் சும்மா சொன்ன நாள். என் நாள்.

மார்ச் 18, திங்கள்

வைரஸைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். மருத்துவரிடம் போக விடாமல் தடுத்தவனும் நான். இரண்டில் முதலாவது தெரியாமல் நடந்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 20, புதன்

மாற்றமில்லை. வார்டு வாசல் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவரிடம் அம்மா, "என் பையன் மட்டும் சரியான நேரத்துல கொண்டுவந்து சேர்க்கலைன்னா..." என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக எல்லோரிடமும் இதே பேச்சு. அவளைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டேன். நான் கொண்டுவந்து சேர்க்கவில்லை. திங்கட்கிழமையே அவ போன் பண்ணினா. டாக்டர்கிட்ட போகட்டுமான்னு கேட்டா. வேணாம்னேன். நடன்னு சொன்னேன்.

திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. வெகுநேரம் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"நீ பேரு வச்சே. நானும்தானே கூடச் சேர்ந்து சிரிச்சேன்," என்றாள் கடைசியில். "ராத்திரி சாப்பிட உக்காந்தா தட்டையே பாத்துக்கிட்டு இருப்பேன்டா, எவ்வளவு போட்டுக்கிறான்னு. அவ முகத்தைப் பாத்ததே இல்ல."

மார்ச் 23, சனி

ஆக்சிஜன் அளவு கொஞ்சம் ஏறியிருக்கிறது. மருத்துவர் "பாப்போம்" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறோம்.

மார்ச் 26, செவ்வாய்

குழாயை எடுத்துவிட்டார்கள். குரல் கரகரவென்று வருகிறது. முதலில் தண்ணீர் கேட்டாள், பிறகு தன் லீவு என்ன ஆனது என்றாள். ஆறுதலாக இருந்தது.

அம்மா வெளியே போனதும் சொன்னேன். "அன்னைக்குப் போன்ல நான் பேசினது தப்பு. என்னை மன்னிச்சிடு."

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் நடந்தேண்ணா."

"என்ன?"

"நீ சொன்ன மாதிரி. அன்னைக்கும் மறுநாளும். சுவரைப் பிடிச்சுக்கிட்டு. ஒரு நாளைக்கு இருபது சுத்து. நடுவுல கண்ணு இருட்டிக்கிட்டு வரும். சோம்பேறித்தனம்னு நினைச்சு மறுபடி நடப்பேன்."

கோபமே இல்லாமல் சொன்னாள். நடந்ததை நடந்தபடி, அவள் வேலையில் தகவல் பதிவதுபோல.

நோயுற்ற பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிடமாட்டேன். எந்தப் பிள்ளையானாலும் உட்காரு என்றுதான் சொல்லியிருப்பேன். என் தங்கையை ஓடவிட்டேன். ஐயோ, நாப்பது சுத்து... அந்தக் குட்டி ஹாலில்.

ஏப்ரல் 3, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டாள். லிப்ட் ஓடுகிறது. பல் தேய்த்துவிட்டு வந்து ஐந்து நிமிடம் உட்கார வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 8, திங்கள்

பள்ளியில் உயரம், எடை அளக்கும் நாள். வழக்கமாக வரிசையில் நிற்க வைத்து, ஒவ்வொருவர் எடையையும் நான் சத்தமாகச் சொல்ல, ஓவிய ஆசிரியர் எழுதுவார். இருபது வருடமாக அப்படித்தான். வரிசை சிரிக்கும். நானும் ஏதாவது சேர்த்துச் சொல்வேன்.

இன்று தராசைக் கிடங்கு அறைக்குள் வைத்தேன். ஒவ்வொருவராக உள்ளே வரச்சொல்லி நானே பார்த்து நானே எழுதினேன். "என்ன சார், ரகசிய ஓட்டெடுப்பா?" என்றார் ஓவிய ஆசிரியர். ஆமாம் என்றேன். மூன்று மணி நேரம் கூடுதலாக ஆனது.

இதனால் யாருக்கு என்ன ஈடாகிவிடப் போகிறது. ஒன்றுமில்லை.

ஜூன் 12, புதன்

தங்கையை மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். நுரையீரல் நன்றாகத் தெளிந்திருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்னால் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும், காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் அன்றே வந்துவிட வேண்டும் என்றார் மருத்துவர். எடையைப் பற்றியும் பேசினார்கள். அவளே கேட்டாள், அவர் பதில் சொன்னார், இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ திட்டம் போட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இந்த முறை அது சரிதான்.

கிளம்பும்போது புதுப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். நாற்காலியின் கைப்பிடியில் வைத்து நிரப்பிவிட்டு, கவுண்டரில் கொடுக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். போகும் வழியில் கண் அதில் விழுந்தது. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் அவளுடைய பக்கத்து இருக்கை அக்காவின் பெயரும் எண்ணும் இருந்தன. உறவுமுறை: தோழி.

கொடுத்துவிட்டுத் திரும்பினேன். நான் படித்தது அவளுக்குத் தெரியும்.

வாசலில் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது, "அடுத்தது செப்டம்பர்ல. நான் கூட வரட்டுமா?" என்று கேட்டேன்.

தூரத்தில் வந்த ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.

"உனக்கு லீவு இருந்தா வா" என்றாள்.