அம்மாவுக்காக இறக்கியதாகச் சொன்ன வண்டி

என் தங்கமான நைனாவுக்கு,

உன் பழைய பிக்கப் வண்டியை உயரம் குறைத்துத் தாழ இறக்கினேன். நீ கண்ணை மூடிய பிறகு வந்த முதல் மாங்காய் சீசன் முடிந்ததும், திருப்பதி பைபாஸில் ஒரு பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். புது ஸ்பிரிங் செட் வாங்க வசதியில்லை. குறைந்த செலவில் முடியவேண்டும் என்று, பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளில் இரண்டை உருவச் சொன்னேன். முன்பக்கத்தையும் அதற்கேற்றபடி தணிக்கச் சொன்னேன்.

"லோடு அடிக்கிற வண்டின்னா நான் கை வெக்க மாட்டேன் தம்பி," என்றார் மெக்கானிக்.

"லோடெல்லாம் இல்லண்ணா, சும்மா ஓட்டத்தான்," என்றேன்.

காரணம் கேட்டால் நீ சிரிப்பாய். நகரியில் என் சேக்காளிகள், "உங்க நைனா வண்டி ஒட்டகமாட்டம் நிக்குது," என்று கேலி செய்தார்கள். அவ்வளவுதான். கல்யாண வயசு தாண்டிக்கொண்டிருப்பவனுக்கு இது ஒரு காரணமா?

அம்மாவின் முழங்கால் உனக்குத் தெரியும். அவளை வண்டியில் ஏற்ற நீதான் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிடுவாய். வண்டியை இறக்கிக்கொண்டு வந்த அன்றைக்கு அவள் தானாகவே காலை வைத்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கோசரமாடா எறக்கின?"

நான் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன், நைனா?

அதன்பிறகு அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். வெதுருகுப்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். "பெத்தா இப்படி ஒரு புள்ளையப் பெக்கணும்," என்றார்கள். நான் இலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பின்தெரு கோவிந்தம்மா அக்கா வந்தாள். அவள் புருஷன் முனுசாமி மாமா மாமரத்திலிருந்து விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் திரும்பக் காட்டவேண்டும்.

"ஆட்டோவுல ஏத்தினா ரொம்பக் குலுங்குது பாபு. உன் வண்டி தாழத்தானே கீது? இட்டுக்கினு போறியா?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "இட்டுக்கினு போகாம? பெரியவங்க கஷ்டம் தெரிஞ்ச புள்ளை அவன்."

புத்தூர் தாண்டியதும் முதல் வேகத்தடை. பள்ளம் மேடு தாங்க ஸ்பிரிங்குக்கு இடமே இல்லை; வண்டியின் அடி இரும்போடு இரும்பாக மோதியது. மாமா அலறிவிட்டார். பிறகு எவ்வளவு மெதுவாக ஓட்டியும் பள்ளத்துக்குப் பள்ளம் அதே அடிதான். பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்லபா, நீ பாத்துப் போ," என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்குத்தான் ரொம்ப சிரமம் குடுத்துட்டேன்."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திரும்பி வர அவர்களுக்கு ஒரு கார் பேசி அனுப்பிவிட்டு, வெறும் வண்டியோடு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். "வண்டிய உனக்கோசரம் எறக்கலமா. பசங்க சிரிச்சாங்கன்னு எறக்கினேன். உன்னை நெனச்சுக்கூடப் பாக்கல."

அவள் கை நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"கல்யாண வூட்டுல அத்தினி பேரு எதிர்ல சொன்னேனேடா," என்றாள். "அப்பவாச்சும் என்னைத் தடுத்திருக்கலாம் இல்ல?"

அவ்வளவுதான் கேட்டாள். பிறகு கீரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாளே அதே மெக்கானிக்கிடம் போய், ஆபரேஷன் ஆனவரை அதில் ஏற்றிக்கொண்டு போன உண்மையைச் சொன்னேன். மனுஷன் கண்டபடி திட்டினார். திட்டிக்கொண்டே பட்டைகளைத் திரும்பப் பூட்டினார். அம்மா ஏறும் பக்கம் தாழ்வாக ஒரு இரும்புப் படியும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வெல்டிங் வைத்துக் கொடுத்தார். முதலிலேயே இதைச் செய்திருந்தால் போதுமே என்று அப்போதுதான் உறைத்தது.

அம்மா இன்னும் அந்தப் படியில் கால் வைக்கவில்லை. புத்தூர் சந்தைக்கு பஸ்ஸில்தான் போகிறாள். இன்று காலை பஸ் நிற்கும் இடத்தில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தேன். "பஸ் வந்துக்கினு கீது, நீ போ," என்றாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள். உன்னிடம் இப்படிக் கோபித்துக்கொண்டால் நீ என்ன செய்வாய், நைனா? நான் பஸ்ஸுக்குப் பின்னாலேயே புத்தூர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன்.

முனுசாமி மாமா வீட்டுக்கு இன்னும் போகவில்லை. நாளைக்குப் போவேன். அம்மாவைக் கூட்டிக்கொள்ளாமல் தனியாகப் போய், அவர் பட்ட வலிக்கு யார் காரணம் என்று அவரிடமே சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. இன்னொன்றும் உண்டு. என்றைக்காவது அம்மா என்னைப் பற்றித் திரும்பவும் பெருமையாகப் பேசி, அது உண்மையில்லை என்றால், எத்தனை பேர் எதிரில் இருந்தாலும் அங்கேயே சொல்லிவிடுவேன்.

தலை குனிந்து,
உன் மூத்த பிள்ளை
பாபு