லீனாவின் கடனைச் சொல்லிவிட்டேன்

ஆஸ்டின் டவுன்,
பெங்களூரு.
சனிக்கிழமை

என் அன்பு மகள் லீனாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே உன் உடம்பும் மனசும் நன்றாயிருக்க வேண்டும் என்று இரண்டு வேளையும் ஜெபம் பண்ணுகிறோம். இதைப் போனில் சொல்லியிருப்பேன், ஆனால் ட்ரெயினிங் முடியும்வரை உன் போனை வாங்கி வைத்துவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் போனில் நீ பேசும் ஐந்து நிமிஷமும் பக்கத்தில் நாலு பேர் நிற்கிறார்கள். அதனால்தான் ஸ்பீட் போஸ்ட். தனியாக உட்கார்ந்து படி.

போன செவ்வாய்க்கிழமை உன் புது அரசாங்க வேலைக்கான பின்னணி விசாரணை என்று இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். யூனிஃபார்ம் இல்லை, சாதாரண சட்டைதான். அதில் பெரியவர் பெயர் மஞ்சுநாத். கோலாரிலிருந்து எந்த வருஷம் வந்தீர்கள், பீன்யாவில் எந்தக் கம்பெனியில் லேத் ஓட்டினீர்கள், லீனாவுக்கு யார் யார் சிநேகிதம் என்று எல்லாம் கேட்டுவிட்டு, டீ குடித்து எழுந்திருக்கும்போது சாலா கீலா ஏனாத்ரு இதெயா என்றார். கடன் கிடன் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். யார் கேட்டாலும் கடன் இல்லன்னு சொல்லிடுப்பா என்று நீ கிளம்பும்போது சொன்னாயே, அதையே பிடித்துக்கொண்டு, என் பொண்ணு பேர்ல ஒரு ரூபா கூட கடன் இல்ல சார் என்று சொல்லிவிட்டேன். என் பைபாஸுக்காக நீ பேங்கில் வாங்கிய நாலு லட்சம், உன் பழைய வேலை போனதிலிருந்து ஏழு மாதமாகக் கட்டாமல் நிற்கிறதே, அதை விழுங்கிவிட்டேன். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டு போனார். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை, வாசலில் பைக் சத்தம் கேட்டால் எழுந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்.

வியாழக்கிழமை மரகதம் கடைக்குப் பால் வாங்கப் போனேன். அவள் குரலைத் தாழ்த்தி, அண்ணா, உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே அவங்க இங்க வந்து கேட்டாங்க, தங்கமான பொண்ணுன்னுதான் சொன்னேன், ஆனா பேங்க்காரன் ஒருத்தன் வீடு தேடி வந்து சத்தம் போட்டதையும் வாய் தவறி சொல்லிட்டேன் என்றாள். அப்படியென்றால் எல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்த மனுஷர் என்னைக் கேட்டிருக்கிறார். பால் பாக்கெட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அம்மா அழவில்லை, நாளைக்கே போய் சொல்லிடலாம், நானும் வரேன் என்று மட்டும் சொன்னாள்.

நேற்று அவருடைய ஆபீசில் இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்து சொல்லிவிட்டோம். உங்கள் ஆபரேஷனுக்கு வாங்கியதா என்று என்னைக் கேட்டார், ஆமாம் என்று சட்டையைத் திறந்து தழும்பைக் காட்டினேன், அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். கடன் எல்லோருக்கும் இருக்கும், ஆனால் கட்ட முடியாமல் அதை மறைத்து வைத்திருப்பவரிடம்தான் வெளியாள் வந்து பணம் தருகிறேன், உள்ளே நடப்பதைச் சொல் என்று பேரம் பேசுவான், அதனால்தான் கேட்கிறோம் என்றார். நான் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வேலை நிலைக்குமா என்று அம்மா கேட்டதற்கு, உங்கள் மகள் அங்கே நிரப்பித் தரும் சொத்து, கடன் படிவத்தில் என்ன எழுதுகிறாள் என்பதைப் பொறுத்தது, என் கையில் இல்லை என்றுவிட்டார். அங்கிருந்து நேராகப் பேங்குக்குப் போனோம். மாதம் ஆறாயிரமாகக் கட்ட மேனேஜர் ஒப்புக்கொண்டார், அம்மா தான் வேலை பார்க்கும் ஸ்கூலில் சம்பள அட்வான்ஸ் வாங்கி முதல் தவணை கட்டியாகிவிட்டது. ரசீதின் ஜெராக்ஸும் பேங்க் கடிதமும் இதோடு வைத்திருக்கிறேன்.

லீனா, எனக்கு இப்போது ஒரே பயம்தான். நீ ஏற்கெனவே கடன் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தால், பெற்ற தகப்பனே உன்னைக் காட்டிக்கொடுத்தவன் ஆகிவிட்டேன். இன்னும் கொடுக்கவில்லை என்றால் உள்ளதை உள்ளபடி எழுது. கொடுத்துவிட்டிருந்தாலும் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே உன் மேலதிகாரியிடம் போ, அவர்கள் கூப்பிட்டுக் கேட்கும்வரை இருக்காதே. வேலை போனாலும் போகட்டும், இந்த வீட்டில் உனக்குச் சோறு உண்டு. என்மேல் கோபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடமாவது பேசு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. பேங்க் கடிதத்தை எடுத்துக்கொண்டு போக மறக்காதே.

உன்னைக் கேட்காமல் பேசிவிட்ட அப்பா,
பால்ராஜ்