பூட்டு மருந்து

1987 ஜனவரி 8, வியாழன்

வெளியே மைனஸ் இருபத்தாறு. பட்டாணி சூப் நாள். பள்ளிக்கூடத்தின் பனி வாருதல், பாய்லர், பழுது எல்லாம் பார்க்கும் வெய்க்கோ வரிசையில் வந்தபோது, அடியிலிருந்து அள்ளிக் கறியாகப் போட்டேன். என்னோடு சமைக்கும் அவுனே சும்மா இருப்பாளா? "பிள்ளைங்களுக்கு வெறும் பட்டாணி, இவருக்கு மட்டும் முழுப் பன்னியா?" என்றாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மூன்று மணிக்குக் கிளம்பினால் வழக்கம்போல் என் கார் பூட்டு உறைந்து கிடந்தது. வெய்க்கோ வந்தான்.

"மருந்து எங்க?"

"காருக்குள்ளயே வெச்சுப் பூட்டிட்டேன்."

"பூட்டைத் திறக்கிற மருந்தையே உள்ள வெச்சுப் பூட்டுற ஆளு இந்த ஊர்லயே நீ ஒருத்திதான், ரைலி."

சாவியை லைட்டரில் சுட வைத்து நுழைத்தான். இரண்டு கைகளையும் பூட்டின்மேல் குவித்து ஊதினான். என் முகத்துக்குப் பக்கத்தில் அவன் மூச்சு புகையாகப் போயிற்று.

பூட்டுப் பனியை உருக்கும் அந்த மருந்துக் குப்பி என் கைப்பையில்தான் இருக்கிறது. வாங்கி ஆறு குளிர்காலம் ஆயிற்று. மூடியைக்கூடத் திருகியதில்லை. அவனுக்கும் வீட்டில் யாருமில்லை, எனக்கும் யாருமில்லை. என்றாவது ஒரு நாள் பூட்டைத் தவிர வேறு ஏதாவது பேச மாட்டானா?

ஜனவரி 13, செவ்வாய்

தெற்கே துர்க்கு நகரத்திலிருந்து புதிதாக ஒரு பாட்டு டீச்சர், மெர்யா. தெற்கத்திக்காரி, குளிர் என்றால் என்னவென்றே தெரியாது. உறைந்த சாவியைச் சூடாக்குகிறேன் என்று வாயில் வைத்தாளாம், உதட்டில் ஒட்டிக்கொண்டதாம். வெய்க்கோ பக்கத்தில் குனிந்து ஊதி ஊதி எடுத்துவிட்டானாம்.

ஊதி! சமையல்கட்டுல வெதுவெதுன்னு தண்ணி இல்லையா? என்னைக் கேட்டா ஒரு கப் குடுத்திருக்க மாட்டேனா?

ஜனவரி 15, வியாழன்

முதலில் அவள் சிவப்புக் கார். பிறகுதான் என்னுடையது. அதுவும் ஊதாமல், லைட்டரை மட்டும் காட்டிவிட்டு, "கை விறைச்சுப்போச்சு" என்றான். யாருக்கு ஊதி விறைத்ததோ.

மத்தியானம் அவன் தட்டில் வெறும் பட்டாணிதான் போட்டிருந்தேன். கவனித்த மாதிரியே தெரியவில்லை. மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, தட்டை வைத்துவிட்டுப் போனான்.

ஜனவரி 19, திங்கள்

டீச்சர், டீச்சர் என்றவன் இன்று மெர்யா என்றான்.

ஜனவரி 21, புதன்

செய்துவிட்டேன். இரண்டாம் மணி அடித்ததும், டீ கெட்டிலை எடுத்துக்கொண்டு போய், அதன் மூக்கைச் சிவப்புக் காரின் பூட்டில் வைத்து வெந்நீர் ஊற்றினேன். கதவின் விளிம்பு ரப்பரிலும் ஊற்றினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளையாக இறுகிவிட்டது. இனி எந்த லைட்டரும் வேலைக்காகாது. பஸ்ஸில் போகட்டும் மகாராணி.

மூன்று மணிக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கத் தைரியமில்லை. பின்வாசல் வழியாகப் போய் நானே பஸ் பிடித்தேன்.

ஜனவரி 22, வியாழன்

நேற்று மூன்று மணிக்கு நடந்ததை அவுனே முழுவதும் பார்த்திருக்கிறாள். ஒரு மணி நேரம் நின்றார்களாம். தச்சு அறையிலிருந்து ஒயர் இழுத்து, எங்கிருந்தோ ஹேர் டிரையர் கொண்டுவந்து வெய்க்கோ பிடிக்க, அவள் ஒயரைத் தூக்கிக்கொண்டு நிற்க...

"'தெக்கத்திக்காரங்கதான் பூட்டுல வெந்நி ஊத்துவாங்க'ன்னு இவன் சொல்றான். 'சத்தியமா நான் ஊத்தல'ன்னு அவ குதிக்கிறா. ஒரே சிரிப்புடி!"

கதவு திறக்கவில்லை. வெய்க்கோதான் தன் காரில் வீட்டில் கொண்டுபோய் விட்டானாம். காலையில் கூட்டி வந்ததும் அவன்தான். அதை நானே ஜன்னலில் பார்த்தேன்.

ஆறு வருஷத்துல ஒரு தடவை நான் அந்த சீட்ல உக்காந்திருப்பேனா? அவளை நானே கையைப் பிடிச்சு உக்கார வெச்சுட்டேனே! நான் ஊத்தின தண்ணி அவங்க ரெண்டு பேருக்கும் வேடிக்கை. வெளியே சொல்லவும் வழியில்லை. என்ன ஜென்மம் நான்?

பிப்ரவரி 6, வெள்ளி

அவுனே இப்போதெல்லாம் சூப்பை வைத்து என்னைக் கேலி செய்வதில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 3, செவ்வாய்

சறுக்கல் திருநாள். ஜாமும் கிரீமும் வைத்த பன் நானூறு செய்தோம். பிள்ளைகளோடு அவர்கள் இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து மேட்டிலிருந்து சறுக்கி வந்தார்கள். கத்தியது அவளா அவனா என்றே தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் கத்தி நான் கேட்டதில்லை.

மூன்று மணிக்கு மறுபடி மைனஸ் இருபது. என் பூட்டு திறக்கவில்லை. அவன் தன் காரில் அவளை ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு, லைட்டரை எடுத்துக்கொண்டே, "இரு ரைலி, வர்றேன்" என்றான்.

"வேண்டாம். நீ கிளம்பு, அவ குளிர்ல உக்காந்திருக்கா."

கைப்பையைத் திறந்து குப்பியை எடுத்தேன். அவன் பார்த்தான்.

"அட! மருந்து இன்னிக்கு வெளிய இருக்கே!"

"ஆமா. இன்னிக்குத்தான் வாங்கினேன்."

மூடி லேசில் வரவில்லை. பல்லால் கடித்துத் திருகினேன். இரண்டு சொட்டு விட்டேன். அவன் லைட்டரைப் பையில் போடுவதற்குள் பூட்டு திறந்துவிட்டது.