மேசையில் தெரிந்த சட்டைகள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ சுகமா என்று எல்லாக் கடிதத்திலும் கேட்பதுபோல இதிலும் கேட்கிறேன், ஆனால் இந்த முறை எனக்குப் பதில் வேண்டும். போனில் கேட்டால், நல்லா இருக்கேம்மா, சிக்னல் சரியில்ல என்று நழுவிவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய மேசைப் படத்தைப் பார்த்தேன். யாரோ குப்பைத்தொட்டி ஓரம் போட்டுவிட்டுப் போனதைத் தூக்கி வந்து, பழைய பெயின்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, ஆறு முறை வார்னிஷ் பூசினதாக எழுதியிருந்தாய். வேலை அருமை. மர ரேகையின் போக்கிலேயே தேய்த்திருக்கிறாய், ஓரத்தில்கூட ஒரு சொட்டு வழிந்து நிற்கவில்லை. அப்பா பார்த்துவிட்டு, என் பிள்ளைடி என்று மீசையைத் தடவிக்கொண்டார். எனக்கு மட்டும் ஏதோ நெருடியது. ஒரு பூச்சு காய ஒரு நாள், மறுநாள் லேசாகத் தேய்த்துவிட்டு அடுத்த பூச்சு. இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பி, மருமகளோடு சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறவனுக்கு இத்தனை மாலைப்பொழுது எங்கிருந்து வந்தது? அவள் பார்த்துப் பார்த்து வாங்கிய பெரிய சாப்பாட்டு மேசை இருக்கும்போது ஒரு தட்டு வைத்தால் நிறைந்துவிடுகிற இந்தச் சின்ன மேசை எதற்கு? மூன்று வாரமாக நான் கூப்பிடும்போதெல்லாம் அவள் ஒரு நாள் குளிக்கிறாள், ஒரு நாள் கடைக்குப் போயிருக்கிறாள், ஒரு நாள் தலைவலியில் தூங்குகிறாள். முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் நின்றவள் நான். வீட்டுப்பாடம் கொண்டுவராத பிள்ளை ஒரு காரணம் சொன்னால் நம்பிவிடுவேன், மூன்று காரணம் சொன்னால் பையைத் திறக்கச் சொல்வேன்.

அதனால் படத்தைப் பெரிதாக்கினேன். பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரி பாக்காதே என்று அப்பா கேலி செய்தார். நீ கெட்டிக்காரன், மேசைக்கு மேலே ஒரு விரற்கடை சுவர்கூட விழாமல் எடுத்திருக்கிறாய். ஆனால் கண்ணா, உன் வார்னிஷ் கண்ணாடியாக அல்லவா இருக்கிறது! மறுபக்கம் இருப்பதெல்லாம் அதில் தலைகீழாகத் தெரிகிறது. போனைத் திருப்பினால் படமும் கூடவே திரும்பிக்கொண்டது, கடைசியில் போனைக் கட்டிலில் வைத்துவிட்டு நான் சுற்றிப் போய் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். திரை போடாத ஒரு ஜன்னல், அது உங்கள் வீட்டு ஜன்னல் இல்லை. ஜன்னல் கம்பியில் கட்டிய கயிறு. கயிற்றில் ஐந்து சட்டைகள், ஐந்தும் உன்னுடையவை, நான் எடுத்துக் கொடுத்த கட்டம் போட்டது உட்பட. அவளுடைய துணி ஒன்றுகூட இல்லை.

இனி உன் அப்பா சங்கதி. தெருமுனையில் வீடு காலி செய்தவர்கள் ஒரு கால் உடைந்த கட்டிலைப் போட்டுவிட்டுப் போனார்கள். அதை இழுத்து வந்து உன் பழைய அறையில் வைத்துக்கொண்டு, மூன்று வாரமாகக் கதவைச் சாத்திக்கொண்டு தேய்க்கிறார். எட்டிப் பார்த்தால், தூசி, உனக்கு இருமல் வரும், போ என்கிறார். எதற்கும் இரண்டு பூச்சே தண்டம் என்கிற மனுஷன் நான்காவது பூச்சுக்கு டப்பா திறந்தபோது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. யாருக்கு இவ்வளவு பாடு என்று கேட்டேன். தரையில படுத்துப் படுத்து முதுகு போச்சுன்னு சொல்றான், பாவம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். யார் என்றேன். பக்கத்து வீட்டுக் கொத்தனார் என்றார். கொத்தனாருக்கு நம் வீட்டு உள்ளறையில் எதற்குக் கட்டில் என்றேன். அதற்கப்புறம் தலையே நிமிரவில்லை, தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஆக, நீ அவரிடம் சொல்லியிருக்கிறாய், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறாய். அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது, இருக்கட்டும். என்ன நடந்தது என்று நான் துருவப்போவதில்லை. மருமகள் மேலும் எனக்குக் கோபம் இல்லை, விடைத்தாளைப் பார்க்காமல் நான் யாருக்கும் மதிப்பெண் போட்டதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், வார்னிஷ் அடித்த அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்காதே, உனக்கு வேறு அறை இல்லை என்று தெரிந்துதான் சொல்கிறேன். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே, தீப்பிடிக்கும், விரித்துக் காயவை.

நேற்று அப்பா ரம்பத்தை எடுத்தார். கட்டில் இரண்டு பேர் படுக்கிற அகலம், குறுக்கிவிட்டால் அறையில் தாராளமாக நடக்கலாம் என்றார். நான் ரம்பத்தை வாங்கி அலமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். பக்கவாட்டில் நடந்துகொள்ளலாம், அகலம் அப்படியே இருக்கட்டும் என்றேன். அவர் ஐந்தாவது பூச்சுக்கு டப்பாவைத் திறந்தார்.

உனக்கும் அவளுக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு, நீங்கள் எங்கெங்கே இருந்தாலும். இந்தக் கடிதம் எழுதியது அப்பாவுக்குத் தெரியாது, நீ சொல்லிவிடாதே, அவரும் கொஞ்ச நாள் முழிக்கட்டும். நீயாகவே என்னைக் கூப்பிடு. பூச்சு வாசனை ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்விடும்.

அன்புடன்,
உன் அம்மா