கோரிப் ஆற்றில் என் குரல்

செப்டம்பர் 14, வியாழன்

மழை. படிக்க வந்த இந்த வெளிநாட்டு ஊரில் மூன்றாம் நாளாக யாரோடும் பேசவில்லை. கடையில்கூட மனிதர் தேவைப்படவில்லை. ரொட்டியைக் காட்டினால் இயந்திரமே விலை சொல்லி நன்றியும் சொல்லிவிடுகிறது. திக்குவாய்க்காரிக்கு இதைவிட வசதியான ஊர் உண்டா?

வசதிதான். ஆனால் காலையில் தொண்டை கட்டியிருந்தது. தூக்கத்தில் பேசினேனோ என்னவோ.

செப்டம்பர் 27, புதன்

பல்கலைக்கழக மன்றங்கள் ஆள்சேர்க்கும் நாள். புகைப்பட மன்றத்துக்குத்தான் போனேன், அதில் வாய் திறக்க வேண்டாம் என்று. நடுவில் மழைக்கோட்டு போட்ட உயரமான ஒருத்தி வழிமறித்தாள். டெர்வ்லா. படகு மன்றத்தில் பெண்கள் அணியின் தலைவி.

"எவ்வளவு குட்டியா இருக்க! உன்னத்தான் காலையிலேர்ந்து தேடுறேன்."

பேர் கேட்டாள். கோமதி வர மறுத்தது. "கோ… கோ…" அவள் 'கோ' என்றே எழுதிக்கொண்டாள். ஆங்கிலத்தில் கிளம்பு என்றல்லவா அர்த்தம். "படகுக்குன்னே வச்ச பேரு" என்றாள். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நீச்சல் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

எதற்குத் தலையாட்டினேன் என்று இன்றுதான் தெரிந்தது. கோரிப் ஆற்றில் முதல் பயிற்சி. துடுப்புப் போடும் நான்கு பேரும் பின்பக்கம் பார்த்து உட்கார்கிறார்கள். படகு போகும் திசை அவர்களுக்குத் தெரியாது. படகின் கடைசியில், எடை குறைந்த ஒருத்தி அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்து, சுக்கான் பிடித்து, தாளம் சொல்ல வேண்டும். சத்தமாக. அந்த ஒருத்தி நான்.

எழுந்து ஓடியிருப்பேன். படகு அதற்குள் கரையை விட்டுவிட்டது.

அப்புறம் — இதை எப்படி எழுதுவது? துடுப்புகள் நீரில் விழுந்தன. எழுந்தன. விழுந்தன. "இழு" என்றேன். திக்கவில்லை. மறுபடி சொன்னேன். திக்கவில்லை. நாணல், பசு மேயும் கரை, மேலே பால் நிற வானம் எல்லாம் மெல்லப் பின்னால் போக, என் குரல் மட்டும் முன்னே போய்க்கொண்டிருந்தது. யாருடைய குரல் அது?

கரையில் இறங்கி நன்றி சொல்லப் போனேன். "ந… ந…"

அக்டோபர் 21, சனி

அம்மா ஊரிலிருந்து போனில் பேசினாள். நான் "ப…" என்றால் "பசிக்குதா?" என்கிறாள். "ஆ…" என்றால் "ஆமாவா?" சின்ன வயதிலிருந்து என் வாக்கியங்களை அவள்தான் முடித்து வைக்கிறாள். பாசம்தான். படகைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். "படிப்புதானே? நல்லா போகுதுல்ல?" என்று முடித்துவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனால் திரும்ப வருவேனா என்று இன்னும் தெரியவில்லை.

நவம்பர் 11, சனி

எழுத்து கோணலாக வருகிறது.

காலையில் மூடுபனி. போகும்போது அழகாகத்தான் இருந்தது. ஆறு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. யாரோ கனவு காண, அந்தக் கனவுக்குள் நாங்கள் துடுப்புப் போடுவது மாதிரி. அன்னம் ஒன்று சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து காணாமல் போனது.

திரும்பும்போது நீரோட்டம் வேகமாகிவிட்டது. வாரம் முழுக்க மழையாச்சே. திடீரென்று பனிக்குள்ளிருந்து ஆரஞ்சு மிதவைகள். அந்தப் பக்கம் தடுப்பணை. அதன் இரைச்சல் அப்போதுதான் காதில் விழுந்தது.

நிறுத்து என்று சொல்ல வேண்டும். தாளத்தில் வருகிற சொல் இல்லை அது. தனியாக நிற்கிற சொல். வாய் பூட்டிக்கொண்டது. நாலு முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல், பலமாக இழுக்கிறார்கள். ஐயோ, வரவே இல்லை, வரவே இல்லை —

படகின் பக்கவாட்டில் இரண்டு கையாலும் அறைந்தேன். மறுபடி அறைந்தேன். துடுப்புகள் தண்ணீருக்குள் குத்தி நின்றன. படகு குலுங்கி, மிதவையைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

 துடுப்புப் போட்டவர்களில் ஓர்லா என்ற பெண் மட்டும் சின்னதாக அழுதாள்.

நவம்பர் 12, ஞாயிறு

பயிற்சியாளர் ஃபின்டன் கூப்பிட்டுவிட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"நீ கெட்டிக்காரிதாம்மா. ஆனா ஆத்துல ஒரு சொல்லு தாமதமானா நாலு பொண்ணுங்க தண்ணிக்குள்ள. இனி உன்னப் படகுல ஏத்த என்னால முடியாது."

அவர் சொன்னது நியாயம். அதுதான் வலிக்கிறது.

நவம்பர் 15, புதன்

இயந்திரத்திடம் ரொட்டி வாங்கினேன்.

நவம்பர் 18, சனி

டெர்வ்லா அறைக்கே வந்துவிட்டாள். ஃபின்டனிடம் எனக்காகப் பேசு என்று கேட்டேன். மாட்டேன் என்றாள். "நான் பேசினா அது என் பேச்சுடி. நீ போய்ப் பேசு."

போனேன். அவர் கொட்டகையில் படகைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தொடங்கியதும் துணியைக் கீழே வைத்தார். சொல் மாட்டிக்கொண்டது. கண்ணை வேறுபக்கம் திருப்புவார், இல்லை முடித்து வைப்பார் என்று காத்திருந்தேன். இரண்டும் செய்யவில்லை. தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது. அவருக்கு அவசரமே இல்லை போலிருந்தது.

கடைசியில் சொன்னேன். "கை… கைக்குத் திக்காது."

துணியை மறுபடி கையில் எடுத்தார். "நாளைக்கு வா. அவங்க கண்ணக் கட்டிவிடறேன். நீ எப்பத் தட்டுவேன்னு சொல்லாத. நிக்கிறாங்களான்னு பாக்கலாம்."

நவம்பர் 19, ஞாயிறு

நின்றார்கள். ஒவ்வொரு தடவையும்.

கண் கட்டிய நான்கு பேர், வெயில் எட்டிப்பார்த்த ஆறு, நடுவில் என் உள்ளங்கைகள். சொக்கிப்போய் நானும் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. மூடவில்லை. முன்னே பார்க்க நான் ஒருத்திதானே இருக்கிறேன்.

ஃபின்டன் மோட்டார் படகிலிருந்து கட்டைவிரலைக் காட்டினார். ஊருக்குப் போக எடுத்திருந்த பயணச்சீட்டை ரத்து செய்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு டெர்வ்லா வீட்டில்.

மார்ச் 9, சனி

இன்று பந்தயம். ஆறு படகுகளில் நாங்கள் நாலாவது. கடைசித் தூரத்தில் ஓர்லா துடுப்பைத் தவறவிட்டாள், சிரித்துக்கொண்டே அழுதாள். கரையில் எல்லோரும் நனைந்து, தேநீர் குடித்து, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிப்போனோம். என் தொண்டை கட்டிவிட்டது. கத்திக் கத்தி.

ஏப்ரல் 18, வியாழன்

என் ஆய்வைப் பற்றி வகுப்பில் பேச வேண்டியிருந்தது. நான் மட்டும் பேசாமல் எழுதிக் கொடுத்தால் போதும் என்று பேராசிரியர் அன்பாகச் சொன்னார். வேண்டாம், பேசுகிறேன் என்றேன். அதைச் சொல்லவே கொஞ்ச நேரம் பிடித்தது.

இன்று பேசினேன். எல்லா இடத்திலும் திக்கியது. கொடுத்த நேரத்தைத் தாண்டிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஆறு போய்க்கொண்டிருந்தது.

யாரும் எழுந்து போகவில்லை. முடித்தபோது மூன்று பேர் கேள்வி கேட்டார்கள்.