பியானோவில் பொத்தான் இல்லை

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையிலேயே புழுக்கம். திண்டிவனம் – விழுப்புரம் பஸ், ஜன்னல் சீட், பெரிய பாக்கியம். கைப்பையை மடியில் வைத்து, அதையே கீபோர்டாக நினைத்து இடது கை பழகினேன். பக்கத்து சீட் அம்மா: "இன்னாமா, வெரலு இப்டி ஆடுது? சுகர் பார்த்தியா?" பார்க்கிறேன் என்றேன். ஜாஸ் என்று சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு மாத்திரை சொல்லியிருப்பார்.

நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே கூட்டம். கண்டமங்கலத்துப் பெரியவர் ஒருவர், மல்லாட்டை மூட்டை தூக்கி விலா எலும்பில் வலி. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே நான் முணுமுணுக்க ஆரம்பித்திருக்கிறேன். அவர் அங்கிருந்து: "பாட்டு முடிஞ்சிடுச்சாங்க? மூச்ச வுடலாமா?" பாவம். எலும்பு நன்றாக இருக்கிறது.

மதியம் போன். பாண்டிச்சேரிப் பக்கம் குயிலாப்பாளையம் கெஸ்ட் ஹவுஸ் மேனேஜர். ஞாயிறு மாலை பியானோ வாசித்த வெள்ளைக்காரர் ஊருக்கே போய்விட்டாராம். அங்கே பாடுகிற கல்பனா ஈஸ்டரில் நம் கோயிலுக்கு வந்து நான் வாசித்ததைக் கேட்டிருக்கிறாள். அவள்தான் என் பேரைச் சொன்னாளாம். இந்த ஞாயிறு ஒரு நாள் வாசிக்க வேண்டும். பிடித்திருந்தால் ஒவ்வொரு ஞாயிறும்.

நிஜப் பியானோ! இத்தனை வருஷம் கீபோர்டுதான். போனில் வீடியோவை மெதுவாக ஓட்டி, காதால் பிடித்துக் கற்றது எல்லாம். எனக்கு இது வேண்டும். ரொம்ப வேண்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அரை நாள் லீவ். லூர்து (என் வீட்டுக்காரர், ஊரார் வண்டியை எல்லாம் சரி செய்வார், சொந்த வண்டி மட்டும் உதைத்தால்தான் கிளம்பும்) பைக்கில் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் செம்மண். புடவை முந்தானை கலர் மாறிவிட்டது.

பியானோவைப் பார்த்தேன். கறுப்பாக, பளபளவென்று. ஒரு கட்டையை அழுத்தினேன், தரை வரைக்கும் அதிர்ந்தது. கண்ணில் தண்ணீர். பிறகு தேட ஆரம்பித்தேன். மேலே, பக்கத்தில், குனிந்து கீழே.

கல்பனா: "இன்னாக்கா தேடறீங்க?"

"டிரான்ஸ்போஸ் பொத்தான்."

"அக்கா, இது பியானோக்கா."

அசடு வழிந்தது. எனக்குத் தெரிந்தது ஒரே சுருதி, ஒன்றாம் கட்டை. பாடுகிறவர் எந்தக் கட்டையில் பாடினாலும் பொத்தானை அழுத்திவிட்டு அதே வெள்ளைக் கட்டைகளைத்தான் வாசிப்பேன். சுருதி மாற்றுவதைக் கீபோர்டுப் பெட்டி பார்த்துக்கொள்ளும். எங்கள் பக்கம் கோயிலில், கல்யாணத்தில் வாசிக்கிற பாதிப் பேர் இப்படித்தான். இங்கே பெட்டி இல்லை, நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கல்பனாவுக்கு ஐந்தரைக் கட்டை. எனக்காக ஒன்றில் பாடிப் பார்த்தாள். கீழே பாடினால் குரல் தரையில் உரசுகிறது. மேலே போனால், "நான் இன்னா கோயில் மணியாக்கா?" என்கிறாள்.

மூன்று பாட்டு. ஐந்து நாள். ஐந்தரைக் கட்டை முழுக்கக் கறுப்பும் வெள்ளையும் கலந்து கிடக்கிறது. திரும்பும்போது லூர்துவிடம் பேசவே இல்லை. வண்டி சத்தம் என்று நினைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 13, புதன்

மேனேஜரிடம் கேட்டேன், என் கீபோர்டையே கொண்டு வரட்டுமா? "பியானோவுக்காகத்தாங்க மேடம் வர்றாங்க." சரி.

மாலை முழுக்கப் பழக்கம், பொத்தானைத் தொடாமல். நான் சேர்த்து அழுத்தும் ஸ்வரக் கூட்டங்களுக்கு எல்லாம் நான் வைத்த பெயர்கள்தான். இனிப்பு. புளிப்பு. கருவாடு (தனியாக வாசித்தால் நாறும், இடம் பார்த்துச் சேர்த்தால் அடித்துக்கொள்ள முடியாது). ஒன்றாம் கட்டையில் கண்ணை மூடிக்கொண்டு கருவாடு போடுவேன். ஐந்தரையில் கருவாடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தேடிப் பிடிப்பதற்குள் தாளம் ஊரைத் தாண்டிவிடுகிறது.

தோசை ஊற்றினேன், கல்லோடு ஒட்டியது. எல்லாம் ஒன்றாக வருகிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா விண்ணகம் ஏறிய திருநாள், சுதந்திர தினமும் கூட. கோயில் வாசலில் கொடியேற்றம், பிள்ளைகளுக்கு மிட்டாய். மேகம் இருந்தது, மழை இல்லை.

பூசையில் ஒரு விஷப்பரீட்சை. பொத்தான் இல்லாமல் வாசித்துப் பார்க்கலாம் என்று துணிந்தேன். வருகைப் பாட்டு தப்பித்தது. காணிக்கைப் பாட்டில் பாடகர் குழு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஃபாதர் திரும்பிப் பார்த்தார். பொத்தானை அழுத்திவிட்டேன்.

பூசை முடிந்ததும் ஃபாதர்: "மாதா மேல ஏறுன நாள்மா மேரி. நீ இன்னாடான்னா எல்லாரையும் கீழ எறக்கிட்ட."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பல்லை மட்டும் காட்டி.

வீட்டில் லூர்து: "நீ வாசிச்சா சிரிச்சிக்கினே வாசிப்ப. பக்கத்து ஊட்டுக்காரம்மா கூட கேப்பாங்க, இன்னா ஜோக்குன்னு. இப்ப பரீட்சை எழுதற புள்ள மாதிரி மூஞ்ச வச்சிக்கினு கீற. இன்னாத்துக்கு இந்த பேஜாரு? முடியலன்னு ஒரு போன் போடு."

போட மாட்டேன் என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் டீ போட்டுக் கொடுத்தார், சர்க்கரை மறந்து. குடித்தேன்.

உண்மைதான் அவர் சொன்னது. இடது கை நடக்கும், வலது கை குதிக்கும், வாய் சும்மா இருக்காது. அதுதான் என் வாசிப்பு. இந்த வாரம் கை மட்டும் வேலைக்கு வருகிறது.

ஆகஸ்ட் 16, சனி

சென்டரில் பாதி நாள். கடைசியில் மூன்று பாட்டும் ஐந்தரையில் நிற்கிறது. தப்பு இல்லை. உயிரும் இல்லை.

நாளைக்கு: நீலப் புடவை. கண்ணாடி. தலைவலி மாத்திரை. மேனேஜருக்கு வாழைக்காய் சிப்ஸ் (லஞ்சம் இல்லை, மரியாதை). நகம் வெட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மதியம் நல்ல மழை, பிறகு வெயில். வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஏழெட்டு மேசை. பாதி வெள்ளைக்காரர்கள், பாதி பாண்டிச்சேரியிலிருந்து வந்த குடும்பங்கள். லூர்து கடைசி மேசையில், இஸ்திரி போட்ட சட்டை.

முதல் பாட்டு ஒரு தப்பும் இல்லாமல் முடிந்தது. ஸ்பூன் சத்தம் நிற்கவே இல்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேனேஜர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு என்று நினைத்தேன்.

இரண்டாவது பாட்டு. நடுவில் கல்பனா நிறுத்துவாள், நான் தனியாக வாசிக்க வேண்டிய இடம். ஆரம்பித்தேன். எப்போது நடந்தது என்று தெரியவில்லை, கை இரண்டும் ஒன்றாம் கட்டைக்குப் போய்விட்டன. வீட்டுக்குப் போன மாடு மாதிரி. இடது கை நடக்கிறது, வலது கை குதிக்கிறது, கருவாடு தானாக விழுகிறது, நான் முணுமுணுக்கிறேன். அப்புறம்தான் உறைத்தது. அடுத்து கல்பனா பாட வேண்டும், ஐந்தரையில். திரும்பிப் போக எனக்கு வழி தெரியாது.

அவளைப் பார்த்தேன். அவளுக்கும் புரிந்துவிட்டது, கண்ணை உருட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்தேன், கை மட்டும் நிற்கவில்லை. அவள் மைக்கிலேயே "ஐயோ அக்கா!" என்றாள். மூச்சை இழுத்தாள். என் ஒன்றாம் கட்டைக்கே மேலே தாவினாள்.

ஒரு இடத்தில் குரல் கீறியது. அவள் விடவில்லை, அதற்கும் மேலே போனாள். நான் சிரித்துக்கொண்டே துரத்தினேன். சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு இரண்டு பேர் வெளியே வந்து நின்றார்கள். ஒரு குட்டிப் பெண் நாற்காலி மேல் ஏறிக் கைதட்டினாள், அவள் அம்மா இறக்கிவிடவில்லை. லூர்து எழுந்தே நின்றுவிட்டார்.

மூன்றாவது பாட்டை ஒன்றிலேயே ஆரம்பித்தேன். கல்பனா கேட்கக்கூட இல்லை.

மேனேஜர்: "நடுவுல தூக்குனீங்களே மேடம், அத்த எல்லா பாட்டுலயும் பண்ணுவீங்களா? அடுத்த ஞாயித்துக்கிழமயிலர்ந்து வந்துடுங்க." பண்ணுவேன் என்றேன். வேறென்ன சொல்ல?

கல்பனாவைக் காணோம். பின்னால் தண்ணீர்க் குழாய் பக்கம் நின்றுகொண்டிருந்தாள், முகத்தைக் கழுவிக்கொண்டு. திட்டப் போகிறாள் என்றுதான் போனேன். மன்னிச்சுக்கம்மா என்றேன். ஈரக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தினி வருசமா இவங்க சாப்புட்றதுக்குப் பாடிக்கினு இருந்தேன் மேரிக்கா. இன்னிக்கு ஒருத்தரும் சாப்புடலக்கா."